உயரம் குறைந்த இரண்டு வயதுப் பிள்ளைக்குப் படிப்பு வருமா? டப்பா பவுடர் வாங்கலாமா?

கேள்வி: கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. என் மகனுக்கு 2 வயது 2 மாதம் ஆகிறது. போன வாரம் அங்கன்வாடியில் அளந்தார்கள். எடை 10 கிலோ 200 கிராம், உயரம் 81 செ.மீ. "எடை பரவாயில்லை, வயசுக்கேத்த உயரம் இல்லை" என்று சொன்ன டீச்சர், சத்துமாவை ஒழுங்காகக் கொடுக்கச் சொன்னார். என் மாமியாரோ, "அந்த மாவைத் தின்னு யாரு கலெக்டர் ஆனாங்க?" என்கிறார். ஊருக்கு வந்துபோகும் ஒருவர், குட்டையாக இருக்கும் பிள்ளைக்கு மூளையும் வளராது, பள்ளிக்கூடத்தில் பின்தங்கிவிடுவான், மாதம் இரண்டு டப்பா புரோட்டீன் பவுடர் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார். ஒரு டப்பா 1,150 ரூபாய். கணவர் சென்னையில் கட்டட வேலை செய்கிறார். குழுவில் கடன் எடுத்து வாங்கலாமா? என் பிள்ளைக்குப் படிப்பு வருமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. அந்தக் கடனையும் எடுக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்குப் படிப்பு வரும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன், அதில் டப்பாவுக்கு வேலையே இல்லை.

முதலில் பயத்தைத் தெளிய வைத்துவிடுகிறேன். குட்டையாக இருப்பதால் மூளை குறைந்துவிடாது. உயரமும் மூளையும் ஒரே காரணங்களால் பாதிக்கப்படுகின்றன, அவ்வளவுதான். சாப்பாடு போதாமை, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு, பேச்சும் விளையாட்டும் இல்லாமல் பிள்ளை தனியாகக் கிடப்பது ஆகியவைதான் அந்தக் காரணங்கள். உயரத்தை நாம் ஓர் எச்சரிக்கை விளக்காகப் பார்க்கிறோம், ஏனென்றால் அதை அளக்க முடியும். இரண்டு வயதில் உயரம் குறைந்த பிள்ளைகள் சராசரியாகக் கிட்டத்தட்ட ஒரு வகுப்பு குறைவாகப் படிக்கிறார்கள் என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அது ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சேர்த்துப் போட்ட சராசரி. உங்கள் பையனின் தலையெழுத்தை அதில் யாரும் எழுதி வைக்கவில்லை. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. நான்கில் ஒரு பிள்ளை. உங்கள் தெருவிலேயே அவர்கள் இருப்பார்கள்.

அளந்தது சரிதானா என்பதையும் பார்த்துவிடுவோம். 2 வயது 2 மாதப் பையனுக்குக் குறைந்தது 82.5 செ.மீ. இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். உங்கள் பையன் அதற்கு ஒன்றரை செ.மீ. கீழே இருக்கிறான். இந்த ஒன்றரை செ.மீ. அளவிலேயே தவறிப்போகக் கூடியது. இரண்டு வயது முடியும்வரை குழந்தையைப் படுக்க வைத்து அளக்க வேண்டும், அதன்பின் நிற்க வைத்து அளக்க வேண்டும். நிற்க வைத்தால் சுமார் 0.7 செ.மீ. குறைவாகக் காட்டும். போன முறை படுக்க வைத்தும் இந்த முறை நிற்க வைத்தும் அளந்திருந்தால், பிள்ளை இடையில் வளரவே இல்லை என்பது போலத் தெரியும். துள்ளுகிற பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளக்கும்போது முட்டி மடங்கியிருக்கும், தலை சாய்ந்திருக்கும். இதையெல்லாம் டீச்சர் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அதே காலை நேரத்தில் அவர் முப்பது பிள்ளைகளை அளக்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இதைக் கேட்காமலே எத்தனையோ தாய்மாரை அழ வைத்திருக்கிறார்கள். உங்கள் பையன் குறைமாதத்தில் பிறந்தவனா? கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. குறைமாதப் பிள்ளையின் வயதைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிட்டால் பிள்ளைக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அவன் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். இரண்டு மாதம் முன்னால் பிறந்திருந்தால், 2 வயது 2 மாதம் என்று அட்டையில் இருந்தாலும் வளர்ச்சிக்கு அவன் இரண்டு வயதுப் பிள்ளைதான். இரண்டு வயதுப் பையனுக்கு அந்தக் கீழ்க்கோடு 81 செ.மீ. உங்கள் பையன் சரியாக அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறான்! இப்படிக் கழித்துக் கணக்கிடுவதை இரண்டு வயது வரை கட்டாயம் செய்ய வேண்டும். இரண்டைத் தாண்டிய சில மாதங்களுக்கும் நான் அதை மனதில் வைத்துத்தான் பார்ப்பேன். எந்த வாரத்தில் பிறந்தான் என்பது தாய் சேய் நல அட்டையிலோ பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டிலோ எழுதியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் காட்டுங்கள். டீச்சரின் போனில் இருக்கும் அங்கன்வாடி செயலியில் பிறந்த தேதியைப் போட்டால் அதுவே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் காட்டிவிடும். குறைமாதமா என்று அது தாயைக் கேட்டுக்கொண்டிருக்காது. நாம்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, சில வீடுகளில் பள்ளியில் சீக்கிரம் சேர்க்க வேண்டும் என்று பிறந்த தேதியையே முன்னால் தள்ளிக் கொடுத்திருப்பார்கள். அப்படிச் செய்திருந்தாலும் பிள்ளை குட்டையாகத்தான் தெரிவான்.

நிறைமாதம்தான், அளவும் சரிதான் என்றே வைத்துக்கொள்வோம். இனி உங்கள் மாமியார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி அது. அந்த மாவைத் தின்று யார் என்ன ஆனார்கள் என்று முப்பது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்றொரு நாடு. அங்கே நான்கு ஏழைக் கிராமங்களில் 1969 முதல் 1977 வரை ஒரு சோதனை நடந்தது. இரண்டு கிராமங்களில் அத்தோலே என்ற கஞ்சி கொடுத்தார்கள். தாவரப் புரதம் சேர்ந்த மாவுக் கலவை, கொழுப்பு நீக்கிய பால்பவுடர், சர்க்கரை, இவ்வளவுதான் அதில் இருந்தது. ஒரு கப்பில் சுமார் 11 கிராம் புரதம் கிடைத்தது. மற்ற இரண்டு கிராமங்களில் புரதமே இல்லாத ஒரு இனிப்புப் பானம் கொடுத்தார்கள். மருத்துவ வசதி நான்கு கிராமத்துக்கும் ஒன்றுபோலக் கிடைத்தது. பிறகு 2002-04-ல், அந்தப் பிள்ளைகள் எல்லாம் பெரியவர்களானதும் தேடிப் போனார்கள். சிறு வயதில் கஞ்சி குடித்த பெண்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 வகுப்பு அதிகம் படித்திருந்தார்கள். ஆண், பெண் இருவருமே படித்துப் புரிந்துகொள்ளும் தேர்வில் மேலே இருந்தார்கள். இரண்டு வயதுக்குள் கஞ்சி கிடைத்த ஆண்களின் மணிக்கூலி 46 சதவீதம் அதிகமாக இருந்தது. கலெக்டர் ஆனார்களோ இல்லையோ, கூலி கூடியது.

அந்தக் கஞ்சியில் வெளிநாட்டு மருந்து எதுவும் இல்லை. நம் அங்கன்வாடி சத்துமாவிலும் கோதுமை, மக்காச்சோளம், கேழ்வரகு, கடலை, வெல்லம், அதோடு வைட்டமின் சேர்த்துத்தான் வருகிறது. பால் ஒன்றுதான் குறைகிறது, அதை வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு ஏன் அங்கே நடந்தது இங்கே நடக்கவில்லை என்று கேட்பீர்கள். அங்கே ஒரு பொதுக்கூடத்தில் உட்கார வைத்து, தினமும் இரண்டு வேளை, பிள்ளையின் கையில் கப்பைக் கொடுத்துக் குடிக்க வைத்தார்கள். இங்கே பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். வீட்டுக்கு வந்த மாவில் தாத்தாவுக்குக் களி, அக்காவுக்கு உருண்டை, மிச்சம் இருந்தால் பசுமாட்டுக்கு. ஒரு பிள்ளைக்கு என்று கணக்குப் போட்டுத் தந்த மாவு ஆறு பேருக்குப் போகிறது. உங்கள் வீட்டில் எப்படி என்று எனக்குத் தெரியாது, நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான்.

அதனால் மாவுக்கு ஒரு தனி டப்பா வையுங்கள், மேலே பையன் பெயரை எழுதுங்கள். தண்ணீர் மாதிரி கரைத்துக் குடிக்கக் கொடுக்காதீர்கள். இந்த வயதுப் பிள்ளையின் வயிறு அவன் கைப்பிடி அளவுதான், அதைத் தண்ணீரால் நிரப்பினால் சத்து எங்கே போகும்? கரண்டியில் எடுத்தால் வழியாத பதத்துக்குக் கிண்டி, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ விட்டு, பால் இருந்தால் பாலில் குழைத்துக் கொடுங்கள். வெல்லம் ஏற்கனவே இருக்கிறது, சர்க்கரை வேண்டாம். இது அவனுடைய சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாகக் கொடுப்பது. காலையில் மாவு குடித்துவிட்டான் என்று இட்லியை நிறுத்தினால் கணக்கு பழையபடி ஆகிவிடும்.

டீயை நிறுத்துங்கள். கிராமத்தில் ஒன்றரை வயதிலிருந்தே டீயில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டுகிறார்கள். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு இழுக்க விடாமல் டீ தடுக்கும். தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று அதே குடும்பநல ஆய்வு சொல்கிறது. முந்தைய ஆய்வில் அது 51-ஆக இருந்தது. குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கிறது. பள்ளியில் உட்கார்ந்தால் கவனம் நிற்காமல் தூங்கி வழிகிற பிள்ளைகளில் பலருக்கு இதுதான் கோளாறு. இரும்புச்சத்து சிரப்பை கிராம சுகாதார செவிலியர் இலவசமாகத் தருகிறார். வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 1 மில்லி. மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். பூச்சி மாத்திரை வருடம் இரண்டு முறை, வைட்டமின் ஏ ஆறு மாதத்துக்கு ஒரு முறை. எல்லாமே இலவசம்தான். அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட் தீனி பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைக்குக் கூட்டிப் போகும் தாத்தாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.

இப்போது அந்த டப்பாக்காரர் விஷயம். இவர்களை இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் காட்டமாகவே எழுதுகிறேன். அங்கன்வாடியில் அளவு எடுத்த அடுத்த வாரமே ஊருக்குள் வருவார்கள். எந்த வீட்டுப் பிள்ளைக்கு நிறம் சிவப்பு என்பது அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள். கையில் டயட்டீஷியன் என்று அச்சடித்த அட்டை இருக்கும், படித்ததற்குச் சான்று இருக்காது. முன், பின் என்று இரண்டு படம் காட்டுவார்கள். ஆறு மாதத்தில் எந்தப் பிள்ளையும் நாலு, நாலரை செ.மீ. வளரும், படத்தில் அது பவுடரின் மகிமை ஆகிவிடும். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண் இருக்கிறது, அரசாங்கமே ஒத்துக்கொண்டது என்பார்கள். அந்த எண் தயாரிப்பவர் உரிமம் வாங்கியிருக்கிறார் என்பதை மட்டும்தான் சொல்லும். உயரம் கூடும், மூளை வளரும் என்பதற்கு அது சான்று இல்லை. "ஹெல்த் டிரிங்க்" என்று ஒரு வகையே நம் உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை. 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகமே, அந்தப் பெயரின் கீழ் இப்படிப்பட்ட பானங்களை வைத்து விற்காதீர்கள் என்று இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. டப்பாவைத் திருப்பி, சேர்மானப் பட்டியலில் முதல் மூன்று பெயர்களைப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் இருக்க வேண்டும் என்பது விதி. சர்க்கரையோ, மாவுச்சத்திலிருந்து செய்யும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற பவுடரோ மேலே இருந்தால் நீங்கள் 1,150 ரூபாய்க்கு இனிப்பு வாங்குகிறீர்கள். அதைக் குடித்த பிள்ளைக்கு மதியச் சாப்பாட்டில் பசி எடுக்காது, அப்புறம் "சாப்பிட மாட்டேங்கிறான், இன்னொரு டப்பா கொடுங்க" என்று நீங்களே கேட்பீர்கள்.

இரண்டு டப்பா 2,300 ரூபாய். முட்டை ஏழு ரூபாய் என்று வைத்தாலும் 328 முட்டை வரும். தினம் ஒரு முட்டை கொடுத்தால் கிட்டத்தட்ட பதினோரு மாதத்துக்கு வரும். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? குழுக் கடனுக்கு வாரா வாரம் தவணை கட்ட வேண்டும். தவணை நாளில் முதலில் குறைவது பருப்பும் முட்டையும்தான். பிள்ளைக்குச் சத்து வாங்கக் கடன் எடுத்து, அந்தக் கடனைக் கட்டப் பிள்ளையின் சத்தைக் குறைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள், அதற்குச் சாப்பாடு பாதிதான். ஜமைக்கா நாட்டுத் தலைநகர் கிங்ஸ்டனில், 1986-87-ல், உங்கள் பையனைப் போல உயரம் குறைந்த 129 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்குப் பால் உணவு மட்டும் கொடுத்தார்கள். சிலர் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பெண் போய், பிள்ளையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன, சிலருக்கு எதுவும் இல்லை. இரண்டு வருடம்தான் இது நடந்தது. பால் உணவால் அறிவு வளர்ச்சியில் வந்த பலன் பள்ளி வயதில் மங்கிவிட்டது. பேச்சும் விளையாட்டும் கிடைத்த பிள்ளைகளோ 17 வயதிலும் வாசிப்பில் மேலே இருந்தார்கள், 22 வயதில் 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அது நகரத்துச் சேரிதான், கிராமம் இல்லை. ஆனாலும் அந்தத் தாய்மார் பயன்படுத்திய பொருட்கள் நம் வீட்டிலும் இருக்கின்றன. பிளாஸ்டிக் மூடி, அட்டைப்பெட்டி, பழைய படம் போட்ட புத்தகம். கீரை ஆயும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேர் சொல்லிக் கொடுங்கள். தண்ணீர் ஊற்றும்போது ஒன்று, இரண்டு எண்ணுங்கள். அவன் கேட்டால் பதில் சொல்லுங்கள். செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு வேலை பார்க்காதீர்கள். அப்பா சென்னையிலிருந்து ராத்திரி பேசும்போது பையனோடும் அஞ்சு நிமிடம் பேசச் சொல்லுங்கள், அது வேறு கணக்கு.

இரண்டு வயது முடிந்துவிட்டதல்லவா, அவனை அங்கன்வாடிக்கே அனுப்புங்கள். சூடான சாதம், வாரம் மூன்று முட்டை, ஆடிப்பாடி விளையாட மற்ற பிள்ளைகள், எல்லாம் அங்கே கிடைக்கும். மூன்று வயதில் வேனில் ஏற்றி எல்கேஜிக்கு அனுப்பச் சொல்லி ஆள் பிடிக்கிறவர்களும் வருவார்கள். தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய 25 சதவீத இலவச இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பார்கள். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு மணி நேர வேன் பயணமும் மூன்று பாட நோட்டும் எதற்கு?

அங்கன்வாடியில் சொல்லித் தர ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் நம் மாநிலத்திலேயே பார்த்தாகிவிட்டது. நான்கு மாவட்டங்களில் 640 மையங்களை எடுத்து, பாதி மையங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதற்கென்றே அரைநாள் வேலைக்கு ஒரு கூடுதல் பணியாளரைப் போட்டார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பிள்ளைகளின் கணக்கும் மொழியும் முன்னேறின. அதோடு, பழைய டீச்சருக்கு ஊட்டச்சத்து வேலை பார்க்க நேரம் கிடைத்ததால், உயரம் குறைந்த பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. ஒரே ஒரு ஆள், அதுவும் அரைநாள்! இது தெரிந்த பிறகும், காலியிடங்களை நிரப்பாமல் ஒரே டீச்சரை இரண்டு மையங்களுக்கு ஓட விடுகிறோம். தேர்தல் பட்டியலா, கணக்கெடுப்பா, அவர்தான். வீட்டுக்குக் கொடுக்கும் மாவுக்கு, போனில் முகத்தைப் படம் பிடித்து ஆளைச் சரிபார்க்கும் முகப் பதிவு கட்டாயம் என்று 2025-ல் ஒரு விதி வந்தது. சிக்னல் இல்லாத ஊரில் பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிற தாயை, அந்த விதியை எழுதியவர்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும்.

"மாவு தீர்ந்துபோச்சு, அடுத்த மாசம் வாங்க" என்றால் சும்மா திரும்பிவிடாதீர்கள். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதம் முதல் 6 வயது வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் வயதுக்கேற்ற சத்துணவை இலவசமாகக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் அதற்கு ஈடாகப் பணம் கேட்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. டீச்சரோடு சண்டை வேண்டாம், அவருக்கே வரவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? எந்தத் தேதியில் போனீர்கள், என்ன சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதி வட்டாரத்தில் இருக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

கை மேல்பகுதியின் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனாலோ, இரண்டு பாதமும் வீங்கினாலோ, மாவும் முட்டையும் போதாது, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் பையனின் எடையைப் பார்த்தால் அந்த நிலையில் இல்லை.

உயரத்தை மாதா மாதம் பார்த்துக் கவலைப்படாதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்டி நிற்க, ஒருவர் முட்டியைப் பிடித்துக்கொள்ள அளக்கச் சொல்லுங்கள். இரண்டு முறை அளந்து, எண்ணைத் தேதியோடு தாய் சேய் அட்டையில் எழுதி வாங்குங்கள். ஆறு மாதத்தில் நாலரை செ.மீ. கூடியிருந்தால் சரியான பாதையில் இருக்கிறான். மூன்றாவது பிறந்தநாளுக்கு அந்தக் கீழ்க்கோடு 88.7 செ.மீ. அவன் இன்னும் ஒன்றிரண்டு செ.மீ. கீழேயே நின்றாலும், இடைவெளி கூடாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கூடிக்கொண்டே போனால், ஊருக்கு வரும் பள்ளி, அங்கன்வாடி மருத்துவக் குழுவின் டாக்டரிடம் அந்த அட்டையைக் காட்டி, தைராய்டும் ரத்தமும் பார்க்கச் சொல்லுங்கள்.